கொங்கு நாட்டுக் கல்யாணத்துக்குப் போகிறீர்களா? சீர், மொய், அன்பளிப்பு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை நிமித்தமாகத் திருப்பூர், கோவை, ஈரோடு, நாமக்கல், கரூர் என்று இந்தப் பக்கம் குடிவந்தவர்களுக்குச் சீக்கிரமே ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்துவிடும். வீட்டு உரிமையாளர் வெற்றிலை பாக்கோடு வந்து தட்டில் வைத்துக் கொடுப்பார். அல்லது பக்கத்து மேசைக்காரர் மஞ்சள் தடவிய உறையை நீட்டிக் குடும்பத்தோடு கட்டாயம் வந்துவிட வேண்டும் என்பார். அன்று இரவே வீட்டில் பேச்சு தொடங்கும்: என்ன கொடுப்பது, எவ்வளவு எழுதுவது, முந்தின நாள் போவதா, முகூர்த்தத்துக்குப் போவதா?

இங்கே ஒரு கல்யாணத்தில் கைமாறுகிறவை மூன்று வகை. உறவுமுறைப்படி இன்னார் செய்தே ஆக வேண்டும் என்று இருப்பது சீர். ஏட்டில் ஏறுவதும் திரும்பி வர வேண்டியதும் மொய். பிரியப்பட்டுக் கொடுப்பது அன்பளிப்பு. புதிதாக வந்தவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான். தாய்மாமன் செய்ய வேண்டிய அளவுக்கு ஆசைப்பட்டுச் செலவழித்துவிட்டு, எழுத வேண்டிய மொய்யை எழுதாமல் வருகிறவர்கள் உண்டு. சீர் உங்கள் பொறுப்பில்லை. மற்ற இரண்டை ஒழுங்காகச் செய்தால் போதும்.

பத்திரிகையைக் கடைசி வரி வரை படியுங்கள்

கொங்குப் பத்திரிகைகளில் பெயர்கள் நிறைய இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு பாளையமோ வலசோ புதூரோ தோட்டமோ நிற்கும். ஊருக்குள் நெருக்கியடித்து வாழாமல் அவரவர் காட்டிலேயே சாளை, அதாவது தோட்டத்து வீடு, போட்டுக் குடியிருந்த நாடு இது. அதனால் ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் தோட்டத்தின் பெயரைச் சொன்னால் ஆள் பிடிபட்டுவிடும். கொங்கு வேளாளர் வீட்டுப் பத்திரிகை என்றால் காடை, கண்ணன், ஓதாளன் என்று கூட்டத்தின், அதாவது குலத்தின், பெயரும் இருக்கலாம். ஒரே கூட்டத்தார் பங்காளிகள். தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியவை நான்கு: உங்களை அழைத்தவர் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா, வரவேற்பு என்றைக்கு, முகூர்த்தம் எத்தனை மணிக்கு, கீழே எங்காவது மொய், அன்பளிப்பு தவிர்க்கவும் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்களா. வசதியான வீட்டுப் பத்திரிகைகளில் கடைசி வரி இப்போது அடிக்கடி தென்படுகிறது. அப்படிப் போட்டிருந்தால் அதை மதியுங்கள். மேடையில் வைத்து உறையைத் திணிப்பதும் அவர்கள் மறுப்பதும் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பதும் யாருக்கும் நன்றாக இருக்காது.

முந்தின நாளா, விடியற்காலையா?

உடன் வேலை பார்ப்பவர்கள், பழக்கக்காரர்கள், அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் முந்தின நாள் மாலை வரவேற்புக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலை. மேட்டுப்பாளையத்திலோ காங்கேயத்திலோ மண்டபம் என்றால் இருட்டோடு பஸ் ஏற வேண்டியிருக்கும். ஆனால் சீர்களைப் பார்க்க ஆசைப்பட்டால் முகூர்த்த நேரத்துக்குப் போய்ப் பயனில்லை. பாதிச் சீர்கள் முந்தின இரவிலும் பொழுது விடிவதற்குள்ளும் முடிந்துவிடும்.

உடை பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். வேட்டி சட்டை எப்போதும் சரி, கறுப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

பந்தியில் பக்கத்தில் உட்காரும் பெரியவர் எந்த ஊர், யார் வீடு என்று விசாரிப்பார். உங்களை எங்கே வைத்துப் பார்ப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். சில சமயம் அந்தக் கேள்விக்குள் சாதி விசாரணையும் இருக்கும். ஊரையும் பார்க்கும் வேலையையும் சொல்லிவிட்டுப் பாயசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுங்கள். சாப்பிடாமல் மட்டும் கிளம்பக் கூடாது. கொடுத்தது குறைந்துபோனால்கூட மறந்துவிடுவார்கள். சாப்பிடாமல் போனதைப் பல வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள்.

மேடையில் நடப்பது என்ன?

கொங்குக் கல்யாணம் என்றதும் எழுதப்படுவதும் பேசப்படுவதும் கொங்கு வேளாளர் சீர்கள்தான். தேவாங்கர், ஒக்கலிகர், நாயக்கர், அருந்ததியர் எனப் பல சமூகத்தார் வாழும் பகுதி இது. முறைகள் வீட்டுக்கு வீடு மாறும். ஈரோடு பெரியார் பிறந்த ஊர் என்பதால் சடங்கே இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கும் நீங்கள் அழைக்கப்படலாம். 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் அதற்குச் சட்ட ஏற்பு உண்டு. மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும். அங்கே அட்சதை தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

பழைய முறையில் நடக்கும் வேளாளர் கல்யாணத்தில் முதலில் கண்ணில் படுவது, நடத்திவைப்பவர் புரோகிதர் இல்லை என்பது. அருமைக்காரர் என்ற பெரியவர்தான் எல்லாவற்றையும் முன்னின்று செய்வார். மனைவி மக்களோடு வாழ்கிறவராக இருக்க வேண்டும். அதற்கென்று உள்ள சீரைச் செய்து அந்தத் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். பெண்களில், மணமானவர்களுக்கென்று உள்ள எழுதிங்கள் சீரைச் செய்துகொண்டவர்களுக்குத்தான் சீர்களில் கை வைக்கும் உரிமை. இப்போது பல மண்டபங்களில் ஐயரும் இருக்கிறார், அருமைக்காரரும் இருக்கிறார். ஒருவர் முடிக்கட்டும் என்று மற்றவர் காத்திருப்பார்.

இது எவ்வளவு பழைய ஏற்பாடு என்று கேட்பவர்களுக்கு அகநானூற்றின் 86ஆம் பாடலைக் காட்டலாம். வரிசையாகக் கால் நட்ட பந்தல், புது மணல் பரப்பிய தரை, விளக்கு, உளுந்து போட்டுக் குழைந்த களி, விடியற்காலை. பிள்ளை பெற்ற மங்கலப் பெண்கள் நான்கு பேர் கூடி, பூவும் நெல்லும் கலந்த நீரைப் பெண்ணின் தலையில் சொரிந்து வாழ்த்துகிறார்கள். தீ வளர்த்ததாகவோ தாலி கட்டியதாகவோ அதில் பேச்சில்லை. அந்தப் பாட்டிலிருந்து நேற்று நடந்த பெருந்துறைக் கல்யாணத்துக்கு நேர்கோடு இழுத்துவிட முடியாது. இடையில் எத்தனையோ வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் குழந்தை பெற்று வாழ்கிற பெண்கள் வந்து செய்தால்தான் மங்கலம் என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான். அதே எண்ணம் கணவனை இழந்தவர்களையும் குழந்தை இல்லாதவர்களையும் ஓரத்தில் உட்கார வைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று சில வீடுகளில் கணவனை இழந்த தாயே முன்னால் வந்து பொட்டு வைக்கிறார். அப்போது மேடையில் நின்று முகம் சுளிக்கும் உறவினராக நீங்கள் இருக்காதீர்கள்.

கல்யாணம் உறுதியாகும்போதே உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்வதில் சீர்கள் தொடங்கிவிடும். பிறகு பால் வடியும் மரத்துக் கொம்பு வெட்டி முகூர்த்தக்கால் நடுவார்கள். நாட்டுக்கல்லுக்குப் பூசை போடுவார்கள்; கொங்கு 24 நாடுகளாகப் பிரிந்திருந்த காலத்தின் மிச்சம் இது. நாட்டார் அறியத்தான் கல்யாணம் நடக்கிறது என்று அந்தக் கல்லிடம் சொல்லிக்கொள்வதாக எடுத்துக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் நீங்கள் பார்க்க நேராது. நெருங்கிய உறவுக்குள் முடிந்துவிடும்.

பார்க்க வேண்டியது இணைச்சீர். மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பட்டுடுத்தி, நகை பூட்டி, மூங்கிலில் முடைந்த பேழைக்கூடையோடு வந்து நிற்பார். அவரையும் உடன்பிறந்தவனையும் ஒரு சேலை இணைத்திருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் இவர்தான் மணப்பெண் என்று நினைத்துப் பரிசுப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேடையேறப் பார்ப்பதுண்டு, கொஞ்சம் பொறுங்கள். உடன்பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா, சித்தப்பா மகள் அந்த இடத்தில் நிற்பாள். மனைவி வந்துவிட்டாள் என்பதற்காகக் கூடப் பிறந்தவளை விட்டுவிட மாட்டேன், எனக்குப் பெண் பிறந்தால் உன் மகனுக்கு உரிமை உண்டு என்று சபையில் ஒப்புக்கொள்வதே இதன் பொருள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நெருங்கிய உறவில் மணம் முடிப்பது குறைந்துவிட்டது, குறையவும் வேண்டும். சீர் மட்டும் நிற்கிறது. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அடுத்தபடியாக ஒரு பெண்ணுக்கு இத்தனை மரியாதை கிடைக்கும் இடம் வேறில்லை என்பதால், போனால் போகட்டும் என்று விட எனக்கும் மனம் வராது.

அடுத்தது மங்கல வாழ்த்து. கம்பர் பாடிக் கொடுத்தது என்பது மரபு. குடிமகன், அதாவது நாவிதர், அதைப் பாடுவார். பெண் பார்த்ததிலிருந்து விருந்து வரை கல்யாணம் முழுவதும் வரிசையாக அந்தப் பாட்டிலேயே வந்துவிடும்; எந்தச் சீருக்குப் பின் எது என்று சந்தேகம் வந்தால் அதுவே ஏடு. வருத்தம் என்னவென்றால், அவர் பாடும்போதுதான் வீடியோக்காரர் வெளிச்சத்தைத் திருப்புவார், நாதசுரக்காரர் சுதி பார்ப்பார், சபை பேசிக்கொண்டிருக்கும். தலைமுறை தலைமுறையாக இந்தப் பாட்டை மனப்பாடமாக வைத்திருந்த குடும்பங்களை ஊர் எந்தப் படியில் நிறுத்தி வைத்திருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நீங்களாவது அந்தச் சிறிது நேரம் செல்பேசியை உள்ளே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

மொய் மேசை

சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு மேசை இருக்கும். நீள ஏடு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, ஓரத்தில் மஞ்சள். இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள்: ஒருவர் வாங்கி எண்ணிப் பெட்டியில் போடுவார், மற்றவர் எழுதுவார். பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று எனப் பெரும்பாலும் தனித்தனி மேசை. உங்களை அழைத்த வீட்டின் மேசை எது என்று கேட்டுவிட்டே வரிசையில் நில்லுங்கள். மாற்றி எழுதிவிட்டால் கொடுத்த காசு முன்பின் தெரியாத ஒரு வீட்டின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர்களுக்கும் இது யார் என்ற குழப்பம்.

எழுதுபவர் முதலில் கேட்பது ஊர், அடுத்ததுதான் பெயர், கடைசியில் தொகை. இங்கே புதியவர்கள் தங்கள் சொந்த ஊரைச் சொல்லிவிடுகிறார்கள். மன்னார்குடி என்று எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து ஏட்டைப் புரட்டும் அந்த வீட்டு அம்மாவுக்கு அது யாரென்றே தெரியாது. அவர்கள் உங்களை எதை வைத்து அறிவார்களோ அதைச் சொல்லுங்கள்: கம்பெனியின் பெயர், தெருவின் பெயர், இன்னார் வீட்டில் குடியிருப்பவர் என்பது. கியூஆர் அட்டையில் பணம் அனுப்பினாலும் ஏட்டில் பெயர் ஏறியதா என்று பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு? 101, 501, 1001 என்று ஒன்றில் முடிய வேண்டும். கடையில் விற்கும் மொய் உறைகளில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியே வரும். தொகைக்கு அளவுகோல் உங்கள் சம்பளம் இல்லை. மொய் திரும்பி வரும், வர வேண்டும் என்பதே ஏற்பாடு. ஒருவர் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு 500 எழுதியிருந்தால் நீங்கள் அதற்குக் குறையக் கூடாது, கொஞ்சம் கூட்டித்தான் எழுத வேண்டும். அப்படியென்றால் நீங்கள் அளவுக்கு மீறி எழுதினால் அந்த வீட்டின் தலையில் ஒரு கடனை ஏற்றுகிறீர்கள். அடுத்த ஊருக்கு மாற்றலாகிப் போய்விடுவோம் என்று தெரிந்தவர்கள் உடன் வேலை பார்ப்பவர்கள் எழுதும் தொகையையே எழுதுவது நல்லது. வட்டியில்லாத கைமாற்று போலத்தான் இது வளர்ந்தது: கல்யாணச் செலவை ஊரே பங்கு போட்டுத் தூக்கியது, அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் அது திரும்பியது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கல்யாணமே இல்லாமல் மொய் விருந்து என்று தனியாக நடத்துகிறார்கள். இங்கே அந்த அளவுக்கு இல்லை என்றாலும் ஏட்டைப் பத்திரமாகப் பூட்டி வைக்காத வீடும் இல்லை.

உங்களுக்கும் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் கல்யாணம், எவ்வளவு, எந்தத் தேதி. நாளை உங்கள் வீட்டில் புதுமனை புகுவிழா வைக்கும்போது தேவைப்படும்.

அன்பளிப்பு வாங்குவது

மொய் எழுதிவிட்டால் தனியாகப் பொருள் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நெருங்கிப் பழகியவர் என்றால் மட்டும் யோசியுங்கள். வாங்கக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: சுவர்க் கடிகாரம், கண்ணாடிக் கிண்ணத் தொகுப்பு, பொம்மை ஜோடி, மணமக்கள் படம் போட்ட பெரிய சட்டம். இவை பிரிக்கப்படாமலே பரணுக்குப் போய், அடுத்த கல்யாணத்துக்கு வேறு தாள் சுற்றிக்கொண்டு கிளம்பும். கத்தி, கத்தரிக்கோல் போன்ற கூரான பொருள்களும் வேண்டாம். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வாங்குகிறவர் மனதில் உறுத்தும்.

பாத்திரமும் வேண்டாம். குடம், அண்டா, மிக்சி, கட்டில், பீரோ எல்லாம் பெண் வீட்டுச் சீரில் வந்து இறங்கிவிடும். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, பெயர் போன பொருள்தான். அதனாலேயே ஒன்று ஏற்கெனவே வந்திருக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் பெங்களூரிலோ சென்னையிலோ தனிக்குடித்தனம் போகிறார்கள், சீர்ப் பொருள்கள் ஊரிலேயே நிற்கப்போகின்றன என்று தெரிந்தால், நண்பர்கள் பணம் சேர்த்து மேசை மேல் வைக்கும் சிறிய கிரைண்டராக வாங்கித் தரலாம். அதைக்கூட அவர்களிடம் கேட்டுவிட்டு.

என்னைக் கேட்டால், இந்த நாட்டுத் தறியில் நெய்தது எதையாவது கொடுப்பேன். முதலில் பவானி ஜமக்காளம். பருமனான பருத்தி நூலில், பட்டை பட்டையாகச் சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடும் விரிப்பு. விருந்தாளி வந்தால் விரிப்பதற்கும் பொங்கலன்று வாசலில் குடும்பமாக உட்காருவதற்கும் அதற்கு நிகர் இல்லை, வருடக்கணக்காக உழைக்கும். புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறிக்கென்று சட்டப்படி ஒதுக்கப்பட்ட நெசவு என்றாலும் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் சந்தையில் புழங்குகிறது. ஆகவே சாலையோரக் கடையில் பேரம் பேசாமல் பவானியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ கைத்தறி முத்திரை பார்த்து வாங்குங்கள். அளவில் கஞ்சத்தனம் வேண்டாம்; ஒருவர் மட்டும் படுக்கிற அளவில் ஜமக்காளத்தைப் புதுமணத் தம்பதிக்குக் கொடுப்பது கேலிக்கு இடமாகிவிடும்.

சென்னிமலைப் போர்வை இன்னொரு நல்ல தேர்வு; விலையும் கைக்கு அடக்கம். சேலை கொடுப்பதென்றால் முகூர்த்தப் பட்டோடு போட்டி போடாதீர்கள். நெகமம் பருத்திச் சேலை, கோவை கோரா காட்டன், கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் சிறுமுகைப் பட்டு. இவை உடுத்தி வெளியே போக ஆகிறவை. ஆண்கள் தனியாகப் போய் மணப்பெண் கையில் சேலையைக் கொடுக்க வேண்டாம். மனைவியோ உடன் வேலை பார்க்கும் பெண்ணோ கொடுக்கட்டும், இல்லையேல் இருவருக்குமாகச் சேர்த்துக் கொடுங்கள்.

வெள்ளி என்றால் சேலம். கொலுசு அங்கே பெயர் பெற்றது, ஆனால் கணுக்கால் அளவு தெரியாமல் வாங்கிப் பயனில்லை. குங்குமச் சிமிழ், சின்ன விளக்கு போதும். தங்கம் இன்று ஒருவரால் ஆகிற காரியமாக இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறு நாணயம் வாங்கினால், ஹால்மார்க் முத்திரையைச் சரிபார்த்து, பில்லையும் பெட்டியிலேயே வையுங்கள். பின்னால் மாற்றும்போது அவர்களுக்கு உதவும்.

எது கொடுத்தாலும் உள்ளே ஒரு அட்டையில் பெயர், முகவரி, என்ன பழக்கம் என்பதை எழுதி வையுங்கள். மேல் தாளில் எழுதினால் பிரிக்கும்போது கிழிந்து போய்விடும். இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம், கேட்டுப் பெறாமல் வழக்கப்படி வரும் பரிசுகளை அனுமதிக்கிறது. ஆனால் யார் என்ன கொடுத்தார்கள், தோராய மதிப்பு என்ன, கொடுத்தவர் என்ன உறவு என்று பட்டியல் எழுதி மணமக்கள் கையெழுத்திட்டு வைத்திருக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மொய் ஏட்டை ஆயுளுக்கும் காப்பாற்றும் வீடுகள் இந்தப் பட்டியலை எழுதுவதில்லை. முன்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரியம் கட்டினார்கள். இப்போது பவுன் கணக்கும் கார் சாவியும் எதிர்த் திசையில் போகின்றன. அதைச் சீர் என்று சொல்லிவிட்டால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது. மணமகள் உங்கள் தோழி என்றால், பட்டியல் எழுதும்படி அவளிடம் சொல்வதும் ஒரு நல்ல அன்பளிப்புதான்.

போக முடியாவிட்டால்

உடன் வேலை பார்ப்பவரிடம் மொய் உறையைக் கொடுத்தனுப்பலாம், எல்லோரும் செய்வதுதான். உறையின் மேல் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். அழைத்தவரிடம் கல்யாணத்துக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். முடிந்த பிறகு சொல்லும் காரணம் எடுபடாது. மொய் வேண்டாம் என்று பத்திரிகையில் போட்டிருந்த வீட்டுக்கும் ஜமக்காளமோ நல்ல புத்தகமோ எடுத்துக்கொண்டு பிறகு போய் வரலாம். அதை யாரும் மறுக்க மாட்டார்கள். மறுவீடு, விருந்து என்று முதல் சில வாரங்கள் மணமக்கள் வீட்டில் தங்கவே மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் பொறுத்துப் போங்கள். போகும் நேரம் ஆடி மாதமாக அமைந்துவிட்டால், பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். எந்த வீட்டுக்கு வருவது என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.